ஊட்டுப்புரையில் உண்டவர்கள்: பத்மநாபபுரம் அரண்மனையை முன்வைத்து

தொண்டைமண்டலத்தை 24 கோட்டங்களாகச் சொல்லும் பழைய பட்டியலில் தாமல் கோட்டமும் ஒன்று. இன்றைய தாமல், காஞ்சிபுரத்தைத் தாண்டி பெங்களூர் சாலையில் ஒரு பேருந்து நிறுத்தம், பெரிய ஏரி ஒன்று, சிவன் கோயில் ஒன்று. ஓர் ஆட்சிப் பிரிவின் பெயர் ஊர்ப்பெயராக எஞ்சியிருக்கிறதே தவிர, ஆண்டவர்கள் வாழ்ந்த வீடு என்று காட்ட ஒரு செங்கல் கிடையாது. காஞ்சிபுரத்திலும் அதே கதைதான். கயிலாசநாதர் கோயில் 1300 ஆண்டுகளாக நிற்கிறது. அதைக் கட்டியவன் எங்கே படுத்துத் தூங்கினான் என்று கேட்டால் கைகாட்ட இடமில்லை. கடவுளுக்குக் கல், அரசனுக்குச் செங்கலும் மரமும் என்று பிரித்துக் கட்டிய காலம் அது. கங்கைகொண்டசோழபுரத்தில் மாளிகைமேட்டைத் தோண்டியபோதும் கிடைத்தவை செங்கல் அடித்தளங்கள்தாம்.

இதன் விளைவு ஒன்று உண்டு. எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அரண்மனை என்றால் சினிமா செட்தான். தூண், திரைச்சீலை, சிங்காதனம், 'யாரங்கே' என்றதும் ஓடி வரும் காவலன். காஞ்சிபுரத்தில் அரசு பராமரிக்கும் நினைவு இல்லம் ஒன்று இருக்கிறது. நெசவுச் சமூகத்தில் பிறந்து முதலமைச்சரான அண்ணாவின் வீடு. அங்கே போகிறவர்கள் யாரும் வாயைப் பிளப்பதில்லை, 'நம்ம வீடு மாதிரியே இருக்கு' என்கிறார்கள். உண்மையான அரண்மனைக்குள் முதல்முறையாகக் காலெடுத்து வைக்கும்போது நம் கண்ணுக்குள் ஏற்கெனவே அந்த செட் இருக்கிறது. அரண்மனையை அருங்காட்சியகமாக்கியவர்கள் இந்தக் கண்ணை நம்பித்தான் கடை விரிக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் நின்று பார்க்கும்படி எஞ்சிய அரண்மனைகள் பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவை. அவை அருங்காட்சியகமான விதமும் ஒன்றுபோல் இல்லை. பாரிஸில் லூவர் 1793 ஆகஸ்ட் 10 அன்று மக்களுக்குத் திறக்கப்பட்டது, முடியாட்சி வீழ்ந்த முதலாண்டு நிறைவு நாளில். அரசனின் சொத்து இனி குடிகளுடையது என்று அந்தத் தேதியே அறிவித்தது. நம் அரண்மனைகள் எதுவும் அப்படித் திறக்கப்பட்டதில்லை. மதுரை திருமலை நாயக்கர் மகாலின் பெரும்பகுதியை அவருடைய பேரனே இடித்தான், மிஞ்சியதை நேப்பியர் பிரபு பழுதுபார்க்க வைத்தார், 1970 வரை அதில் கோர்ட் நடந்தது. தஞ்சாவூர் அரண்மனை 1855இல் வாரிசில்லை என்ற காரணம் காட்டிக் கம்பெனி விழுங்கிய இடம். மதுரைத் தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனை 1959இல் காந்தி அருங்காட்சியகமாயிற்று. நாயக்க ராணியின் மண்டபத்தில் ரத்தக்கறை படிந்த காந்தியின் துணி. இந்தத் துணிக்குப் பிறகு வருவோம்.

பத்மநாபபுரம் இவற்றிலிருந்து வேறுபட்டது. இங்கே அரசு பறிக்கவுமில்லை, மக்கள் கைப்பற்றவுமில்லை. 1930களில், சித்திரைத் திருநாள் ஆட்சிக் காலத்தில், திருவிதாங்கூர் அரசே தன் பழைய வீட்டைச் செப்பனிட்டு அருங்காட்சியகமாக்கியது. அரசன் தன் வரலாற்றைத் தானே அலமாரியில் அடுக்கி, பூட்டி, சாவியைத் தொல்லியல் துறையிடம் கொடுத்தான் எனலாம். எது காட்டத் தகுந்தது, எது தகாதது என்ற முதல் தேர்வு அந்தக் கையால் நடந்தது. அடுக்கிய வரிசை இன்னும் பெரிதாகக் கலையவில்லை என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

காஞ்சிபுரத்திலிருந்து 650 கிலோமீட்டருக்கு மேல். நாகர்கோவிலில் இறங்கித் தக்கலை பஸ் பிடித்து, தக்கலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர். பழைய பெயர் கல்குளம். மார்த்தாண்ட வர்மா (ஆட்சி 1729–1758) கோட்டையையும் அரண்மனையையும் விரித்துக் கட்டி, தன் குலதெய்வத்தின் பெயரை ஊருக்கு வைத்தார். 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தவர். பிடிபட்ட டி லனாய் என்ற அதிகாரியைக் கொண்டே தன் படையைப் பழக்கியவர். 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, 'பத்மநாபதாசன்' என்ற பெயரில் கடவுளின் காரியஸ்தராக ஆண்டார். இது பக்தி மட்டுமில்லை, கெட்டிக்காரத்தனமும்கூட. அதற்குப் பிறகு அரசனை எதிர்ப்பது கடவுளை எதிர்ப்பதாகிவிடுகிறது. 1795இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. பத்மநாபபுரம் கொலுவில் வைத்த பொம்மை மாதிரி அப்படியே நின்றுபோனது.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்கிறார்கள். தரையைக் காப்பாற்ற என்பது காரணம், நியாயமான காரணம். சுண்ணாம்பு, சுட்ட சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த கறுப்புத் தரை, முகம் தெரியும். ஆனால் செருப்பைக் கழற்றிய உடல் வேறு உடல். குரல் தாழ்கிறது, கை தானாகப் பின்னால் கட்டிக்கொள்கிறது. கோயிலில் கற்ற அடக்கம் டிக்கெட் வாங்கிய பார்வையாளனிடம் ஒட்டிக்கொள்கிறது. கடவுளின் காரியஸ்தன் வீடு என்ற மார்த்தாண்ட வர்மாவின் ஏற்பாடு, அரசாட்சி போனபிறகும் நம் கால் வழியாக வேலை செய்துகொண்டிருக்கிறது. நிறுவனங்கள் உடம்பைப் பழக்குகின்றன என்று ஃபூக்கோவைப் படித்துவிட்டுப் பேசுகிறோம், இங்கே அதை உள்ளங்கால் குளிர்ச்சியில் தெரிந்துகொள்ளலாம்.

பாதை ஒருவழிப் பாதை. முதலில் பூமுகம். கூரை முழுக்கத் தாமரைகள், ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. சங்கிலியில் தொங்கும் குதிரைவீரன் விளக்கு. சீன வணிகர்கள் கொடுத்த நாற்காலி. மேலே மந்திரசாலை. வெளிச்சத்தை வடிகட்டி உள்ளே விடும் சாய்கட்டை ஜன்னல்கள். வெளியே இருப்பவனை உள்ளிருப்பவன் பார்க்கலாம், அவன் இவனைப் பார்க்க முடியாது. அப்புறம் ஊட்டுப்புரை. தாய்க்கொட்டாரம். நான்கு நிலை உப்பரிகை மாளிகை. அதன் கீழ்த்தளம் கருவூலம், அதற்கு மேல் டச்சுக்காரர் கொடுத்ததாகச் சொல்லப்படும் மூலிகை மரக் கட்டில், உச்சித்தளம் பத்மநாபசுவாமிக்கான பள்ளியறை. சுவரோவியங்கள் நிறைந்த அந்த அறைக்குச் சாதாரணமாக யாரையும் விடுவதில்லை. பணம் அடியில், அரசன் நடுவில், கடவுள் உச்சியில். திருவிதாங்கூரின் அரசியல் சாசனத்தை இவ்வளவு தெளிவாக எந்தப் புத்தகமும் எழுதியதில்லை.

மரவேலையைப் பற்றி ஒரு வார்த்தை. தாய்க்கொட்டாரம் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்ததாகக் கணிக்கப்படுவது, வளாகத்தில் பழையது. அங்கே ஒற்றைப் பலாமரத் தூண் ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். பார்த்துக்கொண்டே நிற்கலாம். இதை ரசிப்பது நிலவுடைமை மனோபாவம் என்று யாராவது தோழர் சொன்னால் நான் சண்டைக்குத்தான் வருவேன். அந்த உளி அரசனுடையது அல்ல. ஆனால் செதுக்கியவன் பெயர் தூணில் இல்லை, பலகையிலும் இல்லை. வெளிநாட்டு மியூசியங்களில் கண்ணாடிக்குள் விரித்து வைத்த காஞ்சிபுரம் சேலைக்கு ஊர் இருக்கும், நூற்றாண்டு இருக்கும், நெய்தவன் இருக்கமாட்டான். கைவினை என்ற சொல்லே கையை வைத்துக்கொண்டு ஆளைக் கழற்றிவிடுகிறது. இந்த மௌனம் எல்லா அருங்காட்சியகத்துக்கும் பொது. அதனால் இதை விட்டுவிட்டு, பத்மநாபபுரத்துக்கே உரிய மௌனத்துக்குப் போகலாம்.

வழிகாட்டிகள் நல்ல மனிதர்கள். மலையாளம் கலந்த நாஞ்சில் தமிழில் ஒரே ராகத்தில் சொல்லிக்கிட்டே போவார்கள். அந்தப் பேச்சைப் பிரதியாக எடுத்து வாசித்தால் அதன் இலக்கணம் பிடிபடும். எல்லாம் எண்ணிக்கை, எல்லாம் பொருள். 'இது 64 மூலிகை மரம்', 'இது ஒரே கல்லு', 'மேல 90 விதமான பூவு'. வினைச்சொல் வரும்போது செயப்பாட்டு வினையாக வரும், செய்தவன் வரமாட்டான். கட்டப்பட்டது, இழைக்கப்பட்டது, கொடுக்கப்பட்டது. ஊட்டுப்புரைக்கு வந்ததும், 'இங்க கீழ ஆயிரம் பேரு, மேல ஆயிரம் பேரு, ஒரே நேரத்துல சாப்பிடலாம். தினமும் அன்னதானம்.' கூட்டம் 'ஆ' என்கிறது. பெரிய ஊறுகாய் ஜாடிகளைக் குனிந்து பார்க்கிறது. நம்மில் பலருக்குக் கல்யாண மண்டபப் பந்தி ஞாபகம் வரும், அரசன்மேல் ஒரு பிரியமும் வரும்.

யார் அந்த இரண்டாயிரம் பேர்? திருவிதாங்கூர் ஊட்டுப்புரைகள் பிராமணர்களுக்குச் சோறு போட ஏற்பட்டவை. இது ரகசியம் அல்ல, சமஸ்தானத்தின் வரலாற்று நூல்களே பெருமையோடு சொல்லும் செய்தி. அரிசியும் காய்கறியும் விறகும் இலையும் எங்கிருந்து வந்தன என்பதுதான் அடுத்த கேள்வி. ஊழியம் என்ற ஏற்பாடு இருந்தது. நாடார், ஈழவர், பறையர், புலையர் முதலிய சாதியார் கூலியில்லாமல் அரசுக்கும் கோயிலுக்கும் ஊட்டுப்புரைக்கும் உழைக்கவும் பண்டம் கொண்டுவந்து சேர்க்கவும் கடமைப்பட்டவர்கள். கொண்டுவந்ததை ஒரு எல்லையில் இறக்கிவைத்துவிட்டு விலகிப் போக வேண்டும். அவர்கள் பார்க்க முடியாத கட்டடத்துக்குள் அவர்கள் சுமந்த சாமான் வெந்தது. புலையர், பறையரில் பெரும்பகுதி அடிமைகள், வாங்கவும் விற்கவும் பட்டவர்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது 1855இல்தான். அன்னதானம் என்ற ஒற்றைச் சொல் இத்தனையையும் மூடிவிடுகிறது. வழிகாட்டி பொய் சொல்லவில்லை. ஆயிரம் ஆயிரமாகச் சாப்பிட்டது நிஜம். பாதி வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறார், அவ்வளவுதான். அந்த நிறுத்தத்துக்குப் பெயர்தான் மரபுச்சின்னம்.

இனி துணி. தறிச்சத்தத்தோடு வளர்ந்த பகுதியிலிருந்து போகிறவனுக்கு இது உறைக்காமல் இருக்காது. தென் திருவிதாங்கூரில் உடம்பின் மேற்பாதியை மூடுவது சாதி உரிமை. தாழ்த்திவைக்கப்பட்ட சாதிகளில் ஆணும் பெண்ணும் இடுப்புக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே துணி போடக்கூடாது. மேல்சாதிப் பெண்ணும் கோயிலிலும் தன்னைவிட உயர்ந்தவர் முன்னும் மேலாடையை விலக்க வேண்டியிருந்தது. துணி, யார் யாருக்குப் பணிய வேண்டும் என்பதை அளந்து காட்டும் கோலாக இருந்தது. 1810களில் ரெசிடென்ட் மன்றோ கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாம் என்று அனுமதித்தார். குப்பாயம் மட்டும் போதாது, நாயர் பெண்கள் மாதிரி தோளில் சீலையும் போடுவோம் என்று நாடார் பெண்கள் கிளம்பியதும் அடி விழுந்தது. 1822இல் இதே கல்குளம், இரணியல் பகுதிகளில் சந்தையிலும் தெருவிலும் பெண்களின் துணி கிழிக்கப்பட்டது. வழக்கு வந்த இடம் எது தெரியுமா? பத்மநாபபுரம் நீதிமன்றம். 1823இல் அது கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போடலாம் என்று தீர்ப்புச் சொன்னது. 1829இல் ராணி கௌரி பார்வதி பாயின் அறிக்கை தோள்சீலையைத் தடை செய்தது. குப்பாயம் போடலாம், மேல்சாதிப் பாணியில் சீலை கூடாது. கிறிஸ்தவர்களும் ஊழியம் செய்தாக வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் கோயில் வேலையும் மட்டும் விலக்கு. 1858–59இல் மீண்டும் கலவரம், வீடுகளும் ஜெபக்கூடங்களும் எரிந்தன. சென்னை கவர்னர் டிரெவெலியன் நெருக்கிய பிறகு 1859 ஜூலையில் உத்திரம் திருநாள் மகாராஜா ஒரு பிரகடனம் வெளியிட்டார்.

அந்தப் பிரகடனத்தை நெசவு தெரிந்தவர்கள் கவனமாகப் படிக்க வேண்டும். நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம். முரட்டுத் துணியை முக்குவப் பெண்களைப் போல் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். வேறு எப்படி வேண்டுமானாலும் மார்பை மறைக்கலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல் மட்டும் கூடாது. மறைப்பது இப்போது பிரச்சினை இல்லை, எந்த நூலில், எந்த மடிப்பில் மறைப்பது என்பதே பிரச்சினை. நூலின் மென்மை வன்மையை வைத்துச் சட்டம் எழுதிய அரசு அது. மானம் மறைப்பதற்கு நடந்த போராட்டம் என்று இதை ஒழுக்கக் கதையாகச் சுருக்குகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பெண்கள் கேட்டது மறைப்பு அல்ல, சமம். பாதிரிமார்களுக்கு மறைப்பு போதுமாயிருந்தது, அதனால்தான் குப்பாயத்தோடு அவர்கள் திருப்தியடைந்தார்கள். பெண்கள் தோள்சீலையை விடவில்லை.

மதுரையில் 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி மேலாடையைக் களைந்து அரையாடைக்கு மாறினார். அது துறப்பு. அதற்கு 62 ஆண்டுகளுக்கு முன்னால்தான் தெற்கே முரட்டுத் துணிக்கு அனுமதி கிடைத்திருந்தது. இருப்பவன்தான் துறக்க முடியும் என்று சொல்லி முடித்துவிடலாம், அவ்வளவு எளிதாகவும் அது இல்லை. ஆனால் ஒரு வேறுபாடு கண்ணில் படாமல் போகாது. அந்தத் துணிக்கு ஒரு அரண்மனை கிடைத்தது. தோள்சீலைக்குக் கிடைக்கவில்லை. பத்மநாபபுரத்தில் நான் நடந்த பாதையில் குப்பாயம் ஒன்றையோ 1829, 1859 அறிக்கைகளையோ, ஊழியம் என்ற சொல்லையோ நான் பார்க்கவில்லை, எந்த வழிகாட்டி வாயிலும் கேட்கவுமில்லை. நவராத்திரி மண்டபத்தில், அரச குடும்பத்துப் பெண்கள் மறைவிலிருந்து பாட்டும் கூத்தும் பார்த்த மரச்சல்லடைத் தட்டியைக் காட்டுகிறார்கள். ஒரு சாரார் தம்மை மறைத்துக்கொண்டு பார்க்கச் சல்லடை செதுக்கிய காலம், இன்னொரு சாரார் மறைத்துக்கொண்டால் குற்றம் என்ற காலம். இரண்டும் ஒரே நாட்டு நடப்பு என்பதைப் பார்வையாளன் தானாக ஊகிக்க வழியில்லை.

பாடநூலிலும் இது நிலைக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் உடையின் சமூக வரலாறு பற்றிய பாடத்தில் தோள்சீலைப் போராட்டம் இருந்தது. 2019இல் என்.சி.இ.ஆர்.டி. அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டது. சுமை குறைப்பு என்றார்கள். எப்போதும் யாருடைய சுமை இறக்கப்படுகிறது என்று பாருங்கள்.

அரண்மனைக்கு எதிரான பிரதிகள் இல்லாமலும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்து வில்லுப்பாட்டில் 'தம்பிமார் கதை' என்று ஒன்று உண்டு. மருமக்கள்வழிப்படி அரசனின் பிள்ளைகளுக்கு அரசு கிடையாது, சகோதரி மகனுக்கே. தாய்க்கொட்டாரம் என்ற பெயரிலேயே அந்த முறையின் நிழல் இருக்கிறது. முந்தைய அரசன் ராம வர்மாவின் மக்களான தம்பிமார் மார்த்தாண்ட வர்மாவை எதிர்த்தார்கள், கொல்லப்பட்டார்கள். அரசு தரப்பு வரலாற்றில் அவர்கள் எட்டுவீட்டுப் பிள்ளைமாரோடு சேர்ந்த துரோகிகள். 1891இல் வந்த சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' நாவல் இந்தப் பார்வைக்கு இலக்கிய அந்தஸ்து கொடுத்தது. வில்லுப்பாட்டில் கதை வேறு மாதிரி போகும். தங்கையைப் பெண் கேட்டதில் தொடங்கிய பகை, வஞ்சகக் கொலை, பிறகு செத்தவர்களே தெய்வமாகி நிற்பது. கொன்றவனுக்கு அரண்மனை, கொல்லப்பட்டவனுக்குப் பீடமும் கொடையும். எது உண்மை என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. ஆனால் கொடையில் குடத்தைத் தட்டிப் பாடப்படும் அந்தக் கதை, தான் நடந்த மண்ணில் நிற்கும் அரண்மனைக்குள் நுழைய முடியவில்லை. அதே மார்த்தாண்ட வர்மா ஆட்சியில் பத்மநாபபுரத்தில் வேலை பார்த்த நீலகண்ட பிள்ளை, டி லனாய் மூலம் கிறிஸ்தவம் அறிந்து 1745இல் தேவசகாயமானார், 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைக்கான காரணம்பற்றி இன்றும் வழக்காடுகிறார்கள். 2022 மே 15 அன்று வாடிகனில் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. ரோம் வரை போன கதை தக்கலை தாண்டி இரண்டு கிலோமீட்டர் வரவில்லை.

சினிமா வந்துவிட்டது. 1993இல் வந்த 'மணிச்சித்ரத்தாழ்' படத்தின் சில காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டவை. தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்டு, அடைத்துவைக்கப்பட்டு, கொல்லப்பட்ட நாகவல்லி என்ற ஆட்டக்காரி, பேயாக வந்து தமிழில் பேசுகிறாள். தமிழில் அதுவே 2005இல் 'சந்திரமுகி' ஆயிற்று. வருகிறவர்கள் மந்திரசாலையைவிட நாகவல்லி அறையைத்தான் ஆவலாகத் தேடுகிறார்கள். வழிகாட்டிக்கு எரிச்சல். எனக்கென்னவோ அந்தக் கேள்வியில் ஒரு சரியான உள்ளுணர்வு இருப்பதாகப் படுகிறது. இவ்வளவு பெரிய வீட்டில் யாரையாவது அடைத்துவைத்திருப்பார்கள், யாராவது செத்திருப்பார்கள் என்பது மக்களுக்குத் தெரியும். அருங்காட்சியகம் அதற்கு இடம் தராதபோது பேய்க்கதை இடம் தருகிறது.

வெனிஸ் நகரத்து டோஜ் மாளிகையை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1797இல் நெப்போலியனிடம் வீழ்கிறவரை வெனிஸ் குடியரசின் தலைவர் வீடு, சட்டமன்றம், நீதிமன்றம், சிறை எல்லாம் அந்த ஒரே கட்டடம். 1923 முதல் அருங்காட்சியகம். பொன்வேலைக் கூரையும் பெரும் ஓவியங்களும் பார்த்துக்கொண்டே போகிறவனைப் பாதை அப்படியே பெருமூச்சுப் பாலத்தில் ஏற்றி, எதிரே உள்ள சிறைக்குள் இறக்கிவிடும். பக்கத்துவீட்டுக்காரனைப் பற்றி ரகசியமாகப் புகார் எழுதிப் போடச் சுவரில் செதுக்கிய வாய்கள் அப்படியே இருக்கின்றன. தனி டிக்கெட் எடுத்தால் விசாரணை அறையையும், ஈயக்கூரைக்குக் கீழே காஸநோவா 1756இல் தப்பிய சிறையறையையும் காட்டுவார்கள். இதையெல்லாம் மனசாட்சி என்று நான் சொல்லவில்லை. அது பெரும்பாலும் கிளுகிளுப்புக்கு விற்கப்படும் சரக்கு, பாலத்தில் நின்று காதலர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். இருந்தாலும் ஒரு விஷயம் அங்கே நடக்கிறது. தங்கக் கூரைக்கும் கல்சிறைக்கும் நடுவே சில அடிதான் தூரம் என்பதை நடக்கிற கால் தெரிந்துகொள்கிறது. பத்மநாபபுரத்தில் அப்படி ஒரு பாலம் இல்லை. ஏனென்றால் இங்கே ஒடுக்குமுறைக்குத் தனி அறை தேவைப்படவில்லை. சந்தை, வரப்பு, பாதை, கிணற்றடி எல்லாம்தான் அதன் அறை. சாதிக்குச் சிறைக்கட்டடம் கிடையாது என்பதால் காட்ட எதுவுமில்லை என்று ஆகிவிடுகிறது. இதுதான் நம் அருங்காட்சியகங்களின் உண்மையான கஷ்டம்.

அரண்மனை யாருடையது என்ற கேள்வியும் இங்கே சிக்கலானது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) சேர்ந்தது. அதற்காக 1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். மண் இங்கே வந்தது, சுமார் ஆறரை ஏக்கர் அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது. ஆண்டுதோறும் நவராத்திரிக்குக் கம்பர் வழிபட்டதாகச் சொல்லப்படும் சரஸ்வதி இங்கிருந்து திருவனந்தபுரம் புறப்படும்போது, உப்பரிகை மாளிகையில் அரசரின் உடைவாள் கைமாறும், இரு மாநிலப் போலீசும் மரியாதை செய்யும். 'எங்கள் அரண்மனையைக் கொடு' என்று நம் பக்கத்தில் அவ்வப்போது குரல் எழும்புகிறது. எனக்கு அதில் ஈடுபாடு இல்லை. மர வேலையைப் பராமரிப்பதில் கேரளக்காரர்கள் கெட்டிக்காரர்கள், நம் துறையிடம் வந்தால் சிமெண்ட் பூசாமல் இருப்பார்கள் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. எந்த மாநிலம் பூட்டைத் திறக்கிறது என்பதைவிட உள்ளே என்ன சொல்லப்படுகிறது என்பதே கேட்க வேண்டியது. அதைக் கேட்க இரு மொழிக்காரர்களுக்கும் உரிமை உண்டு. ஊழியம் செய்தவர்களில் மலையாளம் பேசியவர்களும் இருந்தார்கள்.

எல்லோரும் உள்ளே போகலாம், பிறகென்ன என்று ஒரு மறுப்பு வரும். சரிதான், அது சின்ன விஷயமில்லை. வைக்கம், சுசீந்திரம் என்று தெருவில் நடக்கவே போராடிய நாடு. 1936 நவம்பர் 12இல்தான் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. விறகைத் தூரத்தில் இறக்கிவிட்டு விலகிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஊட்டுப்புரையில் நின்று போட்டோ எடுக்கிறார்கள். ஆனால் 1966இல் பூர்தியோவும் தார்பெலும் ஐரோப்பிய அருங்காட்சியகப் பார்வையாளர்களை ஆராய்ந்து வெளியிட்ட நூல் காட்டியது, கதவைத் திறந்துவைப்பது மட்டும் போதாது என்பதை. பார்ப்பதற்கான மொழி யாரிடம் கொடுக்கப்பட்டிருக்கிறதோ அவர்களுக்குத்தான் அது உண்மையில் திறந்திருக்கிறது. அந்தப் பேரப்பிள்ளை ஊட்டுப்புரையில் தன்னைச் சோறு தின்றவனின் இடத்தில் வைத்துப் பார்க்கிறான், விறகு சுமந்தவனின் இடத்தில் அல்ல. அவனுடைய பாட்டியின் கதையை அந்தக் கட்டடமே அவனிடமிருந்து ஒளிக்கிறது. திறந்த கதவுக்குள் நடக்கும் இந்த ஒளிப்புதான் எனக்குப் பூட்டிய கதவைவிட அபாயமாகத் தெரிகிறது.

சரி, என்ன செய்யலாம்? அரண்மனையை இடிக்கச் சொல்வதும், புறக்கணிக்கச் சொல்வதும் வெறும் வீம்பு. ஊட்டுப்புரை வாசலில் மூன்று மொழிகளில் ஒரு பலகை வைக்கலாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'ஊட்டுப்புரை. இரு தளங்களிலும் இரண்டாயிரம் பிராமணர்கள் ஒரே நேரத்தில் உண்ணலாம். இதற்கு வேண்டிய பண்டங்களையும் உழைப்பையும் கூலியின்றிக் கொடுக்கும் ஊழியக் கடமை பிற சாதியார்மீது இருந்தது. அவர்கள் இந்தக் கட்டடத்தை நெருங்க அனுமதி இல்லை.' இதில் வசை இல்லை, முழக்கம் இல்லை. பாதி வாக்கியத்தை முழு வாக்கியமாக்குவது மட்டும்தான். அதோடு தெற்குக் கட்டடத்தில் ஓர் அறையில் 1829, 1859 அறிக்கைகளின் நகல், ஒரு குப்பாயம், ஒரு முழம் முரட்டுத் துணி, பக்கத்தில் ஒரு மேல்சாதிச் சீலை. தொட்டுப் பார்க்கும்படி வைக்க வேண்டும். கண்ணாடிக்குள் வைத்தால் நூல் வித்தியாசம் விரலுக்குத் தெரியாது. தம்பிமார் கதையை வில்லோடு பாடிப் பதிவு செய்து உப்பரிகை மாளிகை முற்றத்தில் போட்டுக் கேட்கவிடலாம்.

இதற்குக் காசு அதிகம் ஆகாது. கேட்பதற்கான தருணமும் இருக்கிறது. 2023 மார்ச் 6 அன்று நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டு விழாவில் அன்றைய தமிழ்நாட்டு முதல்வர் ஸ்டாலினும் கேரள முதல்வராயிருந்த பினராயி விஜயனும் ஒரே மேடையில் பேசினார்கள். மேடைக்கும் அரண்மனைக்கும் தூரம் அதிகமில்லை. 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் அரண்மனை சேர்ந்திருக்கிறது. உலகப் பாரம்பரியம் என்ற தகுதிக்குப் போக வேண்டுமானால் அதன் வரலாற்றை விரிவாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். அந்தக் கோப்பில் ஊழியம் என்ற சொல் இடம்பெறுமா என்று கேட்டு முதல் கடிதத்தைத் திருவனந்தபுரத்தில் உள்ள தொல்லியல் துறை இயக்குநருக்கும், அதன் நகலைச் சென்னையில் உள்ள துறைக்கும் அனுப்ப வேண்டும். தமிழிலும் மலையாளத்திலும் எழுதிக் கையெழுத்துப் போடக் கன்னியாகுமரி, திருவனந்தபுரம் இரு மாவட்டத்து எழுத்தாளர்களும் சேர்வார்களானால் நல்லது. காஞ்சிபுரத்து நெசவாளி ஒருவரும் அதில் கையெழுத்துப் போடலாம். முரட்டுத் துணி என்று எழுதிய இடத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை.